பழைய டிஸ்க்கையும் புது டிஸ்க்கையும் ஒண்ணா மாட்டாதீங்க

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டர்ல 240 ஜிபி எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கு, சி டிரைவ் எப்பவும் சிவப்பாவே நிக்குது. பழைய கம்ப்யூட்டர் போர்டு போயிடுச்சு, ஆனா அதுல இருந்த 500 ஜிபி ஹார்டு டிஸ்க்ல பசங்க சின்ன வயசு போட்டோ எல்லாம் இருக்கு. புதுசா ஒரு 2 டிபி வாங்கி, இது ரெண்டையும் மாட்டலாம்னு பாக்குறேன். நானே பண்ணலாமா, டேட்டா ஏதாவது போயிடுமா?

பதில்: தாராளமா நீங்களே பண்ணலாம். கேபினெட்டைத் திறந்து ஸ்க்ரூ முடுக்கி கேபிள் சொருகுறது எல்லாம் அரை மணி நேர வேலை, அதுல டேட்டா போறதுக்கு ஒண்ணும் இல்ல. போட்டோ போறது எல்லாம் மாட்டி முடிச்சு விண்டோஸ் உள்ள போனப்புறம், எந்த டிஸ்க்கைப் பத்தி கேக்குதுன்னு பாக்காம ஓகே தட்டுறப்பதான். அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல மாட்டாதீங்க. முதல்ல புது 2 டிபி மட்டும், அதை முழுசா ரெடி பண்ணிட்டு ஷட் டவுன் பண்ணி, அப்புறம் பழைய 500.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேபினெட்டைத் திறந்து பாத்துடுங்க. மதர்போர்டுல சாட்டா போர்ட் (டிஸ்க்கோட டேட்டா கேபிள் சொருகுற இடம்) ரெண்டு காலியா இருக்கணும். உங்க எஸ்எஸ்டி போர்டுலயே படுத்த மாதிரி சொருகுற எம்.2 வகையா இருந்தா ஒரு சின்ன சிக்கல் உண்டு, நிறைய போர்டுல அந்த எம்.2 ஸ்லாட்டை யூஸ் பண்ணினா ஏதோ ஒரு சாட்டா போர்ட் தானா ஆஃப் ஆயிடும், எதுன்னு போர்டு மேனுவல்ல போட்டிருப்பான். டிஸ்க் செத்துப் போச்சுன்னு கடைக்கு தூக்கிட்டு ஓடுறவங்கள்ல சிலருக்கு போர்ட் மாத்தி சொருகினாலே போதும். டேட்டா கேபிள் பெரும்பாலும் டிஸ்க்கோட வராது, தனியா கேட்டு வாங்குங்க.

பவர் கேபிள் விஷயத்துலதான் கொஞ்சம் கறாரா இருக்கணும். எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) இருந்து வர்ற சாட்டா பவர் ஒயர்லயே ரெண்டு மூணு முனை இருக்கும், அது மிச்சம் இருந்தா பிரச்சனையே இல்ல. இல்லேன்னா கடைக்காரர் பழைய நாலு பின் மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு மாத்துற கன்வர்ட்டர் ஒண்ணு குடுப்பார், அதுல ஒயரோட சேத்து பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மாதிரி மொழுமொழுன்னு இருக்கறதை வாங்காதீங்க, உள்ள ஷார்ட் ஆகி கருகிப் போறது அந்த டைப்தான். ஒவ்வொரு ஒயரும் தனித்தனியா கனெக்டருக்குள்ள போறது கண்ணுக்குத் தெரியற டைப்பா பாத்து எடுங்க. இன்னொண்ணு, கேபிளைக் கழட்டி மாட்டுற மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா வேற எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிளைக் கொண்டு வந்து சொருகவே கூடாது. கனெக்டர் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், சொருகவும் செய்யும், ஆனா எந்த பின்ல எந்த வோல்ட்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போனா டிஸ்க் அங்கேயே காலி, போட்டோவும் காலி.

மாட்டுறப்ப பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு சில செகண்ட் அமுக்கி மிச்ச கரண்டை இறக்குங்க, கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு டிஸ்க்கைக் கையில எடுங்க. கேபினெட்டோட குடுத்த ஸ்க்ரூவையே போடுங்க.

இப்ப புது டிஸ்க். ஆன் பண்ணி திஸ் பிசி (பழைய பேர் மை கம்ப்யூட்டர்) போனா அங்க ஒண்ணும் தெரியாது, பயப்பட வேணாம், புது டிஸ்க்னா அப்படித்தான். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தா இனிஷியலைஸ் (புது டிஸ்க்கை யூஸுக்கு தயார் பண்றது) பண்ணவான்னு கேக்கும், டிஸ்க்ல பார்ட்டிஷன் கணக்கு வைக்கற முறை ஜிபிடி, எம்பிஆர்னு ரெண்டு இருக்கும், ஜிபிடி செலக்ட் பண்ணி ஓகே குடுங்க. 2 டிபிக்கு எம்பிஆர் போட்டாலும் ஓடும்தான், ஆனா இனிமே அதைப் போடறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்புறம் கருப்புப் பட்டையா தெரியற காலி இடத்துல ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மேட் டிக் இருக்கான்னு பாத்துட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட். அந்த டிக்கை எடுத்துட்டா மணிக்கணக்கா ஓடிட்டே இருக்கும். முடிச்சதும் 1.81 டிபின்னுதான் காட்டும், கடைக்காரர் ஏமாத்தல, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான்.

இனி ஷட் டவுன் பண்ணிட்டு பழைய 500ஐ மாட்டுங்க. அதுல பழைய விண்டோஸும் இருக்கும் இல்லையா, சில சமயம் கம்ப்யூட்டர் அதுல இருந்து ஆன் ஆகப் பாக்கும், ஸ்க்ரீன் வித்தியாசமா ஏதாவது வந்தா ரீஸ்டார்ட் பண்ணி டெலிட் இல்ல எஃப்2 அமுக்கி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) உள்ள போய் பூட் ஆர்டர்ல (எந்த டிஸ்க்ல இருந்து ஆன் ஆகணும்ங்கற வரிசை) உங்க எஸ்எஸ்டியை முதல்ல வைங்க.

நல்லா இருக்குற டிஸ்க்னா விண்டோஸ் எதையும் கேக்காது, டிரைவ் லெட்டரோட நேரா வந்து உக்காரும். இந்த டிஸ்க்குக்கு இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டாலும் சரி, ஃபார்மேட் பண்ணினாதான் யூஸ் பண்ண முடியும்னு சொன்னாலும் சரி, கேன்சல். யோசிக்கவே வேணாம், கேன்சல்தான். ஆஃப்லைன்னு காட்டினா ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் ஆக்குங்க, அதுல டேட்டா போகாது. ஃபாரின்னு காட்டினா (வேற கம்ப்யூட்டர்ல செட் பண்ணின டிஸ்க்னு அர்த்தம்) இம்போர்ட் பண்ணணும், கன்வர்ட் டு பேசிக்னு ஒரு ஆப்ஷன் பக்கத்துலயே இருக்கும், அது பக்கம் போயிடாதீங்க. யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தா பெர்மிஷன் இல்லன்னு சொல்லும், கன்டின்யூ குடுங்க, கொஞ்ச நேரம் ஓடிட்டு திறக்கும்.

போட்டோவைப் புது டிஸ்க்குக்கு காப்பி பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு பழைய டிஸ்க்கைப் பாருங்க. நீலமா குட்னு இருந்தா நிம்மதி. மஞ்சளா காஷன்னு காட்டி, 05, சி5 வரிசைல (டிஸ்க்ல கெட்டுப் போன இடங்களோட கணக்கு) ரா வேல்யூஸ்ங்கற காலம்ல சைபர் தவிர வேற ஏதாவது இருந்தா சினிமா பாட்டு எல்லாம் அப்புறம், போட்டோவை மட்டும் முதல்ல இழுத்துடுங்க, செக் டிஸ்க் (தப்பு தேடி சரி பண்ற விண்டோஸ் டூல்) ஓட்டாதீங்க, சாகக் கிடக்குற டிஸ்க்கை அது இன்னும் போட்டு வாட்டும். டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணி டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்டதான் போகணும். சி7 வரிசைல மட்டும் நம்பர் ஏறிட்டே இருந்தா டிஸ்க் மேல தப்பு இருக்காது, பெரும்பாலும் டேட்டா கேபிள்தான், மாத்திப் பாருங்க.

காப்பி ஆகுறப்ப நல்ல ஸ்பீடுல போயிட்டு இருந்தது திடீர்னு படுத்துடலாம், இப்ப வர்ற நிறைய 2 டிபி டெஸ்க்டாப் டிஸ்க் எஸ்எம்ஆர் வகை (டேட்டாவை ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறுற மாதிரி நெருக்கி எழுதுறது), நிறைய ஃபைலை ஒரேயடியா எழுதினா மூச்சு வாங்கும், விட்டுடுங்க, ராத்திரி போட்டா காலைல முடிஞ்சிருக்கும். முடிஞ்சதும் அங்கங்க சில போட்டோவைத் திறந்து பாத்துட்டு பழைய 500ஐக் கழட்டி பீரோல வைங்க. இடம் கிடைக்குதேன்னு அதை ஃபார்மேட் பண்ணி உள்ளயே விட்டீங்கன்னா போட்டோ ஒரே ஒரு காப்பிதான் மிஞ்சும். ரெண்டு டிஸ்க்கையும் காப்பியோட உள்ளயே வச்சாலும் ஒரே எஸ்எம்பிஎஸ், ஒரு இடி இறங்கினா ரெண்டும் சேந்து போகும்.

கடைசியா அந்த சிவப்பு சி டிரைவ். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன் போய் மூவ் குடுத்தா எல்லாம் புது டிஸ்க்குக்கு போயிடும், ஆனா முதல்லயே புது டிஸ்க்ல டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ்னு தனித்தனியா ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்க, வெறும் டி டிரைவையே காட்டினா மொத்த டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஆயிடும், திரும்பி பழையபடி மாத்துறதுக்குள்ள தாவு தீந்துடும்.