அமெரிக்காவில், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அலமோவைப் பார்த்தால் போதாதா? மற்ற மிஷன்களுக்கும், அதாவது ஸ்பானியப் பாதிரிகள் பழங்குடிகளை மதம் மாற்ற அமைத்த குடியிருப்புகளுக்கும், போக வேண்டுமா?

போங்கள். அலமோவை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு தெற்கே கிளம்பிவிடுங்கள். நாங்கள் அலமோவிலேயே பாதி நாளை விட்டுவிட்டோம்.

அலமோவும் 1718-இல் தொடங்கிய ஸ்பானிய மிஷன்தான். ஆனால் அது தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குள் வராது. பூங்காவில் இருப்பவை கன்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்படா. நான்கும் ஆற்றை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

கூட்டமெல்லாம் சான் ஹோசேயில்தான். அங்கே எல்லோரும் அந்தச் செதுக்கு ஜன்னல் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். சுற்றுமதிலும் அதை ஒட்டிய சிறிய வீடுகளும் 1930-களில் திருப்பிக் கட்டப்பட்டவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கன்செப்சியோன் அப்படியல்ல, 1755-இல் முடிந்த கோவில் இடியாமல் நிற்கிறது. பக்கத்து அறையில் அண்ணாந்து பார்த்தால், கூரையில் மீசை வைத்த ஒரு சூரியன் உங்களைப் பார்க்கும். நான் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது எஸ்படா பக்கத்தில் உள்ள ஒரு வாய்க்கால். ஆற்றில் அணை போட்டு, தண்ணீரைத் திருப்பி, குறுக்கே வந்த ஓடைக்கு மேலே இரண்டு வளைவுகள் கொண்ட கல்தொட்டிப் பாலம் கட்டி அதன்மேல் கொண்டுபோயிருக்கிறார்கள். 1740-களில் கட்டியது, இன்றும் தண்ணீர் ஓடுகிறது. இந்த வாய்க்கால்களை ‘அசேக்கியா’ என்கிறார்கள். அரபியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்த சொல். கீழே ஓடை, மேலே வாய்க்கால், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. நாங்கள் போனபோது அங்கே வேறு யாருமே இல்லை.

வெட்டியதும் கல் சுமந்ததும் கோவாவில்டெக்கன் என்று பொதுப்பெயரில் அழைக்கப்படும் பழங்குடி மக்கள். அப்பாச்சி என்ற இன்னொரு பழங்குடியினரின் தாக்குதல், பஞ்சம் எல்லாவற்றுக்கும் பயந்து மிஷனுக்குள் வந்தவர்களை அம்மையும் மற்ற நோய்களும் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோயின. மொழி, வழிபாடு எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னார்கள் பாதிரிகள். பாலத்தின் அழகைப் பார்க்கும்போது இதுவும் கூடவே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

நான்கு கோவில்களிலும் இன்றும் பூசை நடக்கிறது. திருமணமோ அடக்கச் சடங்கோ நடந்தால் உள்ளே போகாதீர்கள், வெளியே காத்திருங்கள்.

ஆற்றோரப் பாதையில் சைக்கிளில் போகலாம். ஜூலையில் மட்டும் வேண்டாம். வாடகை சைக்கிள் வழியில் பஞ்சராகி, நிழலே இல்லாத பாதையில் தள்ளிக்கொண்டு நடந்த கதையை என் மனைவி இன்னும் விடவில்லை. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு தொப்பி.