பிளாப் பாஸ் ஆனாலே வேலை கிடைத்துவிடாது
எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப் முடித்த கையோடு பிளாப் (வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிரிட்டன் தேர்வு) எழுதி பிரிட்டன் போகலாமா, சம்பளம் அதிகமாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாப் உங்களுக்கு ஜிஎம்சி, அதாவது பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில், பதிவுக்குத்தான் வழி. வேலை தனியாகத் தேட வேண்டும். முதல் வேலைக்கு இப்போது கடும் போட்டி. சில மாதங்கள் சம்பளமில்லாமல் சமாளிக்கப் பணம் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது மதிப்பெண்ணிலும் தேதிகளிலும்தான். ஆங்கிலத் திறனுக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வு என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7, அதுவும் ஒரே தேர்வில். பிளாப் முதல் பகுதி பாஸான 2 ஆண்டுக்குள் இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். அது மான்செஸ்டரில் மட்டும் நடப்பதால் விசாவுக்கும் நாள் ஒதுக்குங்கள். மருத்துவக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழை அவசரப்பட்டு வாங்காதீர்கள், 3 மாதம்தான் செல்லும். சம்பளத்தை வரியும் வாடகையும் கழித்த பிறகு ஒப்பிடுங்கள்.