எல்லையோர வணிகர்களுக்குச் சமூக ஊடகம்: கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத் தமிழ் வணிகர்கள் கேட்டவற்றுக்கு, விளம்பரம் மற்றும் மக்கள் தொடர்புப் பணியில் உள்ள நம் உறுப்பினர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, ஜவுளிக்கடை): ஓணத்துக்கு நாளிதழ் விளம்பரம், ஃபிளெக்ஸ், மைக் கட்டிய ஆட்டோ என்று செலவழித்து வந்தோம். அனைத்தையும் நிறுத்திவிட்டு இன்ஸ்டாகிராமுக்கு மாறலாமா?

பதில்: ஆட்டோவை நிறுத்தலாம். நாளிதழை இப்போதைக்கு விட்டுவிட வேண்டாம். கல்யாணப் பட்டு எங்கே எடுப்பது என்று முடிவு செய்யும் பெரியவர்கள் பலர் அதைத்தான் பார்க்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் கடையை மையமாக வைத்து, இத்தனை கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவர்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டலாம். ஆனால் நம் ஊரில் அந்த வட்டம் கோபாலபுரத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமும் விழும். தமிழ் ஆடியும் மலையாளக் கர்க்கடகமும் ஏறத்தாழ ஒரே மாதம். அங்கே தள்ளுபடிக்குக் கூட்டம் அலைமோதும்போது, இங்கே பல வீடுகளில் கையை இறுக்கிக்கொண்டு ஓணத்துக்குக் காத்திருப்பார்கள். ஆகவே ஆடி விளம்பரத்தையும் ஓண விளம்பரத்தையும் தனித்தனியாக அமையுங்கள். ஓணத்துக்கு மலையாளம் மட்டும் போதாது, நம்மவர்களும் ஓணக்கோடி என்னும் புத்தாடை எடுப்பவர்கள்தாமே!

கேள்வி (முதலமடை, மாந்தோப்பு உரிமையாளர்): கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பதாகப் பழைய வீடியோ ஒன்றை எங்கள் ஊர்ப் பெயரோடு வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். மறுப்பு அறிக்கை கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. முன்பு பத்திரிகைக்கு அறிக்கை அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். இப்போது அதன் பிறகுதான் தொடங்குகிறது. முதலாவதாக, மறுப்பதற்காகக்கூட அந்த வீடியோவைப் பகிராதீர்கள். பார்க்காதவர்களுக்கும் நீங்களே கொண்டுசேர்த்ததாகிவிடும். இரண்டாவதாக, உங்கள் பழுக்கவைக்கும் அறையிலேயே நின்று, தேதியையும் இடத்தையும் சொல்லி, ஒரு நிமிட வீடியோ எடுங்கள். கால்சியம் கார்பைடு வைத்துப் பழங்களைப் பழுக்கவைப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது என்பதையும், அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு என்பதையும் சொல்லி, அளவு காட்டும் கருவியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப் குழுக்களுக்குள் என்ன ஓடுகிறது என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது என்பதால், சந்தேகத்தை வாடிக்கையாளர் நேரே அனுப்புவதற்கு ஓர் எண்ணை அறிவித்து, அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆளையும் அமர்த்துங்கள். முதலமடை மாங்காய் மற்ற ஊர்களை முந்திக்கொண்டு வட இந்தியச் சந்தைக்குப் போவது; அந்தச் சில வாரங்களில் பெயர் கெட்டால் அந்தப் பருவமே போய்விடும். வீடியோவில் ஹிந்தி வரிகளையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (சிற்றூர், உணவகம்): ரீல் போடப் பணம் கேட்பவர், அது விளம்பரம் என்று சொல்லத் தேவையில்லை என்கிறார். சரியா?

பதில்: தவறு. விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டுள்ளன. பணமோ இலவசச் சாப்பாடோ பெற்றிருந்தால், அதைப் பார்வையாளருக்குப் புலப்படும்படி சொல்ல வேண்டும். ரீல் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

கேள்வி (கொல்லங்கோடு, பேக்கரி): கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். நீக்க முடியுமா?

பதில்: பொய்யென்றால் புகார் செய்யலாம், உண்மையென்றால் நீக்க முயலாமல் அதன் கீழேயே, "சனிக்கிழமை மாலை கேக் தாமதமானது எங்கள் தவறு, தயவுசெய்து கடை எண்ணுக்கு அழையுங்கள்" என்பதுபோல் நடந்ததைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே நன்றி வாசகத்தை ஒட்டுவதைவிடப் பேசாமல் இருப்பது மேல்.