அம்மாவுக்காக 42 கிலோமீட்டர்

கேள்வி: என் வயது 41. என் அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளாக டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் தேய்ந்துபோகும் நோய்). ஏழு மாதம் கழித்து நடக்கவிருக்கும் மாரத்தானில் ஓடி, இந்த நோய் குறித்த ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட விரும்புகிறேன். இதுவரை 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. “அந்தப் பணத்தையும் நேரத்தையும் அம்மாவுக்கே செலவிடலாமே” என்கிறார் அண்ணன். அம்மாவின் அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் சேர்த்து வெளியிட்டால் பணம் குவியும் என்கிறாள் தோழி. நான் ஷூ மாட்டும்போதெல்லாம் “எங்கே போறே?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்பது வேறு மனதை அறுக்கிறது. ஓடலாமா?

பதில்: தாராளமாக ஓடுங்கள். ஆனால் பெயரைப் பதிவு செய்வதற்கு முன் அண்ணனோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. பணத்தைப் பற்றி அவர் சொல்வது பொருந்தாது; ஆராய்ச்சிக்கென்று பிறர் கொடுக்கும் பணத்தை வீட்டுச் செலவுக்குத் திருப்ப முடியாது. நேரம் அப்படியல்ல, அது அம்மாவின் பங்கிலிருந்துதான் போகிறது. வாரத்துக்கு நான்கு நாள் பயிற்சி, அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், கடைசி இரண்டு மாதங்களில் அந்த ஒரு நாள் மட்டுமே மூன்று, நான்கு மணி நேரத்தை விழுங்கிவிடும். அந்த நேரத்தில் அம்மாவின் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் அண்ணனின் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. நீண்ட ஓட்டத்தன்று அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். நன்கொடை கேட்பதைவிட இது கடினம்தான்.

உடலைப் பொறுத்தவரை ஏழு மாதம் போதுமான அவகாசம். மருத்துவரிடம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டு, முதல் இரண்டு மாதங்கள் சிறிது ஓட்டம், சிறிது நடை என்று மாறி மாறிச் செல்லுங்கள். 42.195 கிலோமீட்டரையும் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 30 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டு, அதன்பின் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தாகத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை.

அறக்கட்டளை வழியாகப் போட்டியில் இடம் பெறுவதானால் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். குறைந்தால் கைப்பணத்தைப் போட வேண்டுமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஷூ, பயணச் செலவுகளை நன்கொடையில் சேர்க்காதீர்கள்.

“இதனால் உன் அம்மாவுக்குக் குணமாகுமா?” என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். ஆகாது என்றே சொல்லுங்கள். அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், தாம் கவனித்துவந்த பெண்ணொருவரின் மூளையில் கண்ட மாற்றங்களை 1906-ல் எடுத்துரைத்தார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் கடந்தும், டிமென்ஷியாவின் மிகப் பரவலான வடிவமான, அவர் பெயராலேயே அழைக்கப்படும் அல்சைமர் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. 2023-ல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானெமாப் என்ற மருந்து, மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றி, தொடக்க நிலையில் இருப்போருக்கு நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. இழந்த நினைவை மீட்டுத் தருவதில்லை. உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டோர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். நீங்கள் திரட்டுவது, இனி வரப்போகிறவர்களுக்கான பணம். இதை மறைக்காமல் சொன்னாலும் கொடுப்பவர்கள் கொடுப்பார்கள். ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்புவதைவிட, பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவராகக் கேளுங்கள்.

தோழி சொன்ன படம் வேண்டாம். இன்றைய தம் முகத்தை ஊருக்குக் காட்டச் சம்மதமா என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் கடந்திருக்கலாம். சம்மதம் கேட்க முடியாத ஒருவரின் தளர்ச்சியை விளம்பரமாக்குவது எனக்கு உவப்பாக இல்லை. அவர் உங்களுக்குத் தலை பின்னிவிட்டதைப் பற்றியோ, கணக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றியோ நான்கு வரி எழுதுங்கள், போதும்.

“எங்கே போறே?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலை, ஒரே குரலில் சொல்லுங்கள்: “ஓடிட்டு வந்துடறேன்மா.” ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; அவருக்கு அது முதல் முறை. நீங்கள் கிளம்புவதைப் பார்த்து அவர் பதறுகிறார் என்றால், ஷூவை வாசலுக்கு வெளியே வைத்து அங்கேயே மாட்டிக்கொள்ளுங்கள்.