பராமரிப்பு இல்ல வேலைக்குப் படிப்பு உண்டா? ஒரு தந்தைக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளிப் படிப்பை முடித்த உங்கள் மகள் இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர விரும்புவதாகவும், குளிப்பாட்டி உடுத்திவிடும் வேலையில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கற்பதற்கு நிறையவே இருக்கிறது. அந்தப் படிப்பு வேலைக்குள்ளேயே நடப்பதால் நம்மவர்கள் அதைப் படிப்பாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

முதற்படி, பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கான அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழான ‘கேர் சர்ட்டிபிகேட்’. பராமரிப்பு உதவியாளர்களுக்கான பயிற்சி சீராக இல்லை என்பதைப் பத்திரிகையாளர் கமிலா கேவன்டிஷின் 2013ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியதை அடுத்து, 2015 ஏப்ரலில் 15 தரநிலைகளுடன் இது நடைமுறைக்கு வந்தது. முழுநேரமாக வேலை செய்பவர் ஏறக்குறைய 12 வாரங்களில் இதை முடித்துவிடலாம். பலர் ஏமாறுவதும் இங்கேதான். இணையத்தில் காசு கட்டி, சில மணி நேரம் காணொளி பார்த்துப் பெறும் தாள் பாட அறிவுக்கு மட்டுமே சான்றாகும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பொறுமையாக ஊட்டுவதையும், கதவைச் சாத்தி, கூச்சமறிந்து உடை மாற்றிவிடுவதையும் தகுதியுள்ள ஒருவர் பணியிடத்தில் நேரில் பார்த்து மதிப்பிட்டால்தான் சான்றிதழ் முழுமை பெறும். ஆகவே அதை முன்கூட்டியே விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

பணியாளருக்குத் தகுந்த பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பது இல்லத்தை நடத்துபவரின் கடமை என்று இங்கிலாந்தின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சேவைகளுக்கான 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் 18ஆம் விதி சொல்கிறது. எனவே நேர்காணலில் உங்கள் மகளும் கேள்வி கேட்கலாம்: அனுபவமுள்ளவரின் கூடவே நின்று பழக எத்தனை ஷிப்ட் தருவார்கள், மேற்பார்வையாளர் எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசுவார், மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் பயிற்சியை யார் நடத்துவார், பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் உண்டா? “எல்லாம் கணினியில் இருக்கிறது, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்” என்பதே பதிலானால், சம்பளம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் வேறு இல்லம் தேடச் சொல்வேன்.

அதன்பின் மூன்றாம் நிலை டிப்ளோமா, மூத்த பராமரிப்பாளர் பொறுப்பு, மேலாளராக விரும்பினால் ஐந்தாம் நிலை டிப்ளோமா என்று வழி நீளும். மருத்துவப் பக்கம் நாட்டமிருந்தால் தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவம் கைகொடுக்கும். ஆனால் படிப்பு உயரும் வேகத்தில் சம்பளம் உயராது. இதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன், இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்யும் பராமரிப்புத் தர ஆணையம் (CQC) அந்த இல்லத்தைப் பற்றி வெளியிட்டுள்ள ஆய்வறிக்கையை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பணியாளர் பயிற்சியைப் பற்றி அதில் எழுதியிருப்பதை முதலில் பாருங்கள்.