கடைசி நாட்களும் அதன் பிறகும்: வாசகர் கேள்விகள்

நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்களும் அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, பாலியேட்டிவ் கேர், அதாவது குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பணியில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கும் அப்பா சில நாட்களாகச் சாப்பாடே வேண்டாம் என்கிறார். தண்ணீரும் இறங்கவில்லை. ட்ரிப்ஸ் ஏற்றலாமா? பட்டினி போட்டுவிட்டோம் என்று பின்னால் மனசு அடித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் அவரைப் பட்டினி போடவில்லை. உடல் அடங்கத் தொடங்கிவிட்டதால்தான் அது சாப்பாட்டை வேண்டாம் என்கிறது. குடலின் அசைவு குறைந்துவிடும், விழுங்கும் தசைகள் தளர்ந்துவிடும், பசி என்ற உணர்வே மங்கிவிடும். இந்த நேரத்தில் வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி, உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். இல்லாவிட்டால் வயிற்றில் தங்கி வாந்தியாக வரும்.

ட்ரிப்ஸ் விஷயத்தில் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது சரிசெய்யக்கூடிய காரணத்தால் வந்த சோர்வா, நோயின் கடைசிக் கட்டமா?” வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கால்சியம் கூடியது போன்ற காரணம் இருந்தால் ட்ரிப்ஸ் உதவலாம். கடைசிக் கட்டம் என்றால் இதயமும் சிறுநீரகமும் அந்த நீரைக் கையாள முடியாமல் திணறும். கை கால் வீங்கும், நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும், சளி கூடும்.

அவரை உண்மையில் வாட்டுவது வாய் வறட்சிதான். அதற்கு நீங்களே நிறையச் செய்யலாம். 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய துணியையோ வாய் துடைக்கும் ஸ்பாஞ்சையோ நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் துடைத்துவிடுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது. உதட்டுக்கு லிப் பாம் தடவுங்கள். ஆக்ஸிஜன் வைத்திருந்தால் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், நீர் அடிப்படையிலான களிம்பு போதும். நாக்கில் தயிர் படிந்ததுபோல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து உண்டு. அவரே விழித்துக் கேட்டால் தலைமாட்டை உயர்த்தி, அரை டீஸ்பூன் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள். இருமினால் நிறுத்திவிடுங்கள்.

மாமியாருக்கு நினைவில்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம். மூச்சு நின்று நின்று வருகிறது. மூச்சு முட்டி வேதனைப்படுகிறாரா? சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் வைக்கச் சொல்லலாமா?

கரகரப்பும் நின்று நின்று வரும் மூச்சும் வேறு வேறு விஷயங்கள். விழுங்கவும் இருமவும் முடியாமல் போகும்போது உமிழ்நீரும் சளியும் தொண்டையில் தேங்குகின்றன. அதன் வழியே காற்று போய்வரும் சத்தம்தான் அந்தக் கரகரப்பு. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர் அதை உணர்வதாகத் தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது தாங்க முடியாததாக இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைமாட்டைச் சுமார் 30 பாகை உயர்த்துங்கள். வாயோரம் வழிவதைத் துடைத்துவிடுங்கள். ட்ரிப்ஸ் ஓடினால் குறைக்கலாமா என்று கேளுங்கள். சளி சுரப்பைக் குறைக்கும் ஊசிகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே தேங்கியதை அவை வற்றவைக்காது, அதனால் சத்தம் தொடங்கிய உடனே சொல்லிவிடுவது நல்லது. தொண்டைக்குள் ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சுவது குமட்டலையும் காயத்தையும் தரும். சளியும் மறுபடி சேரும்.

மூச்சு ஆழமாகி, மெல்ல மெலிந்து, அரை நிமிடம் வரைகூட நின்று மறுபடி தொடங்குவதற்கு செய்ன்–ஸ்டோக்ஸ் சுவாசம் என்று பெயர். ஜான் செய்ன் 1818-லும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் இதை விவரித்தார்கள். மூச்சை இயக்கும் மூளைப் பகுதியின் கட்டுப்பாடு தளர்வதே காரணம். வேதனை இருக்கிறதா என்று அறிய முகத்தைப் பாருங்கள். புருவம் நெரிந்திருக்கிறதா, முனகுகிறாரா, கை போர்வையைப் பிடித்து இழுக்கிறதா? நெற்றி தளர்ந்திருந்தால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறார். திடீரென்று புரண்டு தவித்தால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டு பை நிரம்பியிருப்பது அடிக்கடி கவனிக்காமல் விடப்படும் காரணம், ஒரு குழாயில் சரியாகிவிடும்.

முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறத் திட்டுகள், குளிர்ந்த கைகால், அடர்ந்த நிறத்தில் மிகக் குறைந்த சிறுநீர், மூச்சோடு சேர்ந்து அசையும் தாடை ஆகியவை வந்தால் பெரும்பாலும் மணிக்கணக்குதான், சிலருக்கு ஓரிரு நாள். வர வேண்டியவர்களை அப்போதே அழையுங்கள். பேசுவதையும் நிறுத்தாதீர்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், நினைவிழந்த கடைசிக்கட்ட நோயாளிகள் சிலரின் மூளை, ஒலிகளுக்கு ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. புரிந்துகொண்டார்களா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. காதில் விழ வாய்ப்பிருக்கிறது என்பதே பேசுவதற்குப் போதுமான காரணம்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தைக் கொடுத்தால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்கிறார்களே?

வலிக்கு ஏற்ப, சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டிக் கொடுத்தால் அப்படி ஆவதில்லை. வாய்வழியாகப் பொதுவாக 2.5 முதல் 5 மி.கி. வரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்குவார்கள். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, நேரம் தவறாமல் கொடுப்பதில்தான் பலன். தூக்கக் கலக்கம் சில நாளில் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதனால் மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். நீண்டநேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ எழுப்ப முடியாத உறக்கம் வந்தாலோ சிறுநீரகம் மருந்தை வெளியேற்றவில்லை என்று இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படுத்த படுக்கையாக இருந்தவர் திடீரென்று தெளிவாகப் பேசுகிறார். பிழைத்துக்கொள்வாரா?

அந்த நம்பிக்கையில் சிகிச்சையை மாற்றிவிடாதீர்கள். சிலருக்குக் கடைசி நாட்களில் இப்படி ஒரு தெளிவு வருவதுண்டு, காரணம் தெளிவாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதை அன்றே சொல்லிவிடுங்கள்.

எதிர்பார்த்த மரணம் நள்ளிரவில் வீட்டில் நடந்தால் என்ன செய்வது?

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சற்று நேரம் அருகிலேயே உட்காருங்கள், ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. மரணத்தை உறுதிசெய்து சான்றிதழ் தரப்போகும் மருத்துவர் யார், அவரது எண் எது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். இது இல்லாமல்தான் பல வீடுகள் அந்த இரவில் தடுமாறுகின்றன.

உடல் விறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் முகத்திலும் தாடையிலும் தொடங்கும். அதற்குள் மல்லாத்தி, கை கால்களை நேராக்கி, இமைகளைச் சிறிது நேரம் மென்மையாக மூடிப் பிடித்து, மோவாய்க்குக் கீழே சுருட்டிய துண்டை வையுங்கள். தசைகள் தளர்வதால் சிறுநீர், மலம் கசியலாம், அடியில் டயப்பர் வையுங்கள். புரட்டும்போது நெஞ்சிலிருந்து காற்று வெளியேறிப் பெருமூச்சுபோல் கேட்கும், உயிர் திரும்பியதாக எண்ணிவிடாதீர்கள். குழாய்களை மருத்துவர் வரும்வரை எடுக்க வேண்டாம். இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தகனத்தின்போது அது வெடிக்கும்.

6 வயது மகனிடம் தாத்தா இறந்ததை எப்படிச் சொல்வது?

“தாத்தா இறந்துவிட்டார். அவருடைய உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி மூச்சு விடமாட்டார், அவருக்கு வலிக்காது, திரும்பி வரமாட்டார்.” இவ்வளவு நேராகச் சொல்லலாம். “தூங்குகிறார்” என்றால் குழந்தை உறங்கவே பயப்படும். “ஊருக்குப் போயிருக்கிறார்” என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும்.

இந்த வயதில் தான் கோபப்பட்டதால்தான் தாத்தா செத்தார் என்றுகூடத் தோன்றும். அவன் கேட்காவிட்டாலும் மூன்றைச் சொல்லிவிடுங்கள்: உன்னால் இது நடக்கவில்லை, நமக்கும் உடனே இப்படி ஆகாது, உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். அழுத பத்தாவது நிமிடம் விளையாடப் போவான், ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பான், படுக்கையை நனைக்கலாம். எல்லாம் துக்கத்தின் முகங்களே. உடலைப் பார்க்கலாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். தொட்டால் குளிரும், கண் திறக்காது என்று முன்பே சொல்லுங்கள். அவன் வெளியே வர விரும்பினால் உடன் வருவதற்கென்றே ஒரு பெரியவர் இருக்கட்டும்.

கணவர் இறந்து நான்கு மாதம். சில நேரம் அவர் கூப்பிடும் குரல் கேட்கிறது. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா? துக்கத்தின் ஐந்து படிகளில் எங்கே இருக்கிறேன் என்றும் தெரியவில்லை.

இல்லை. வேல்ஸில் துணையை இழந்தவர்களிடம் டெவி ரீஸ் என்ற மருத்துவர் நடத்தி 1971-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகவோ குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து படிகளையும் மறந்துவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அவற்றை எழுதியது தாங்களே சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி. துக்கம் படி ஏறிப் போவதில்லை. ஒரு நாள் அழுகையிலும் மறுநாள் பேங்க் வேலையிலும் மனம் போய்ப் போய் வருவதே இயல்பான நடை.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் “துக்கம்தானே” என்று விட்டுவிடாதீர்கள். பேரதிர்ச்சியில் இதயத் தசையே தற்காலிகமாகப் பலவீனமாகும் டாக்கோட்சுபோ என்ற நிலை உண்டு. மாரடைப்பிலிருந்து அதைப் பிரித்தறிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

நாட்கள் போகப்போக ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், அநேகமாகத் தினமும் அன்றாட வாழ்வை முடக்கினால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 6 மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்கு 12 மாதத்தையும் குறைந்தபட்சக் காலமாக வைத்திருக்கின்றன. இதற்கென்றே உளவியல் சிகிச்சை இருக்கிறது. சாகலாம் என்ற எண்ணம் எழுந்தால் மாதங்களை எண்ண வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள், நம்பும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவருக்கு வாங்கிய மார்ஃபினோ தூக்க மாத்திரையோ வீட்டில் மிச்சமிருந்தால், இன்றைக்கே யாரையாவது விட்டு மருந்து கொடுத்த இடத்தில் திருப்பித் தரச் சொல்லுங்கள்.