கணினியில் சைரன் அலறினால் யாரை அழைப்பது?

கேள்வி: பிரிண்டர் கோளாறுக்கு இணையத்தில் வழி தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் அலறியது. ‘கணினி முடக்கப்பட்டது, மைக்ரோசாஃப்டை அழைக்கவும்’ என்று ஓர் எண்ணும் வந்தது. அழைத்தேன். பேசியவர், தூரத்திலிருந்தே கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை நிறுவச் சொல்லி, என் கணினியில் நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதைக் காட்டினார். மூன்று ஆண்டுப் பாதுகாப்புக்கு என்று நேற்றிரவு நெட் பேங்கிங்கில் 8,999 ரூபாய் கட்டினேன். மோசடி என்கிறான் மகன். பிழைகளை என் கண்ணாலேயே பார்த்தேனே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: மகன் சொல்வது சரி அம்மா. விளக்கம் பிறகு, முதலில் கணினிக்கு வரும் வைஃபையைத் துண்டியுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கணக்கு மாறிக் கணக்கு போவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. வங்கியிலும் இன்றே புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வங்கியின் தொலைபேசி எண் டெபிட் கார்டின் பின்புறம் இருக்கும். இணையத்தில் தேடி இன்னொரு போலியிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க் தன்னளவில் நியாயமான மென்பொருள்தான். ஆனால் அதன் வழியாக வந்தவர் வேறு எதையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே நல்லது.

பணம் திரும்புமா? வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சேரும். தெரிவித்த பிறகு நேர்வது வங்கியைச் சேரும் என்றது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை. நீங்களாகவே கட்டிய 8,999 ரூபாயை வங்கி தந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். மிச்சப் பணத்தைக் காக்கவாவது இன்றே தெரிவியுங்கள்.

நீங்கள் பார்த்த பிழைகள் பொய்யல்ல. அவற்றுக்கு அவர் சொன்ன பொருள்தான் பொய். அவர் திறந்து காட்டியது பெரும்பாலும் ‘ஈவன்ட் வியூவர்’ ஆக இருக்கும். விண்டோஸ் தன் அன்றாட நடப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு அது. ஏதோ ஒரு நிரல் தொடங்கத் தாமதமானால்கூட மஞ்சள் முக்கோணமோ சிவப்பு வட்டமோ போட்டு எழுதிவைக்கும். மகனின் கணினியில் திறந்து பாருங்கள், அங்கேயும் வரிசையாக நிற்கும். இன்னொரு வித்தையும் உண்டு. கறுப்புக் கட்டளைத் திரையில் ‘888டிசிஏ60’ என்று தொடங்கும் நீண்ட எண்ணைக் காட்டி, ‘இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரியது, எங்கள் பதிவிலும் இருக்கிறது’ என்று படித்துக் காட்டுவார்கள். எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான்!

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. அந்தச் சிவப்புத் திரை வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு மூடிவிடலாம். மசியாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

கேள்வி: முன்பு இப்படி நான் பணம் கட்டிய நிறுவனம், ‘கடையை மூடுகிறோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று இப்போது அழைக்கிறது. நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. கணினிக்குள் நுழைந்து, உங்களையே வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பார்கள். 5,000 வர வேண்டிய இடத்தில் 50,000 வந்துவிட்டதாகத் திரை காட்டும். ‘தவறுதலாக அனுப்பிவிட்டேன், என் வேலை போய்விடும்’ என்று அழுவார். பிரவுசரில் தெரியும் பக்கத்தின் எழுத்துகளை மாற்ற சில நொடிகள் போதும். கணக்கில் ஒரு பைசாவும் ஏறியிருக்காது. நீங்கள் ‘திருப்பி’ அனுப்புவது உங்கள் சொந்தப் பணம். தஞ்சாவூர் ஆசிரியைக்கும் இந்த அழைப்பு வரலாம். அவருடைய எண்ணும் அவர்களிடம் இருக்கிறது.